சாம்பிராணி குடித்த தவளைகள்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
ஆவணி மாதம், 1986

என் அருமை மகள் கமலவேணிக்கு, சித்தப்பா திருநாவுக்கரசு ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உன் சித்தி வள்ளியம்மா, நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன தவளை இரண்டு, ஆக நாலு ஜீவனும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கே லிவர்பூல் குளிரில் நீயும் ஜலதோஷம் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நர்ஸ் படிப்பில் எல்லாருக்கும் முன்னால் நிற்கிறாய் என்றே நம்புகிறேன், நம்ம குடும்பத்து மூளை அப்படி.

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வழக்கம்போல் சத்தம் போட்டுப் படித்தேன். சித்தி வழக்கம்போல் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு, யாருக்கோ வந்த கடிதம் மாதிரி குழம்பைக் கிண்டினாள். ஆனால் கரண்டி சட்டியில் படாமல் கிண்டினாள், சத்தத்தில் ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதே என்று. கடைசியில் நீ எழுதியிருந்ததை மட்டும் நான் சத்தமாகப் படிக்கவில்லை. சித்தி இன்னும் என் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்றால் தீபாவளி லீவுக்கு நான் வந்து யார் முகத்தில் முழிப்பது, இங்கேயே டியூட்டி எழுதிக்கொள்கிறேன் என்று போட்டிருந்தாயே, அதைத்தான். வேணி, இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்து முடிக்கும் வரைக்கும் எந்த டியூட்டியும் எழுதிக்கொள்ளாதே. முதலில் தவளைச் சமாச்சாரத்தைச் சொல்கிறேன், மற்றது அதிலேயே வரும்.

தண்ணீரிலேயே கிடக்கிற கட்டைவிரல் அளவுத் தவளைதான் என்றாலும், நீ ஹார்லிக்ஸ் போத்தலில் வளர்த்ததைப் பார்த்தே எனக்கு மனசு கேட்காது. வயசுப் பிள்ளை ஊர் விட்டுப் போகும்போது, சித்தப்பா இதுங்களுக்கு நல்ல வீடு ஒன்று கட்டிக்கொடுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனால் சும்மா இருக்க முடியுமா. கண்ணாடித் தொட்டியை நானே ஒட்டினேன். நகைக்கடையில் பழைய ஷோகேஸ் உடைத்தார்கள், அந்தக் கண்ணாடியை முதலாளியே கூப்பிட்டு, திருநாவு நீ எடுத்துக்கோ, உன் கைக்குத்தான் இது சேரும் என்று கொடுத்தார். முதல் தரம் ஒட்டியதில் கொஞ்சம் ஒழுகியது, அது சோதனைக்காக நானே விட்ட ஓட்டை. மீன் கடை ஆ சூன் நாற்பது வருசமாகத் தொட்டி விற்கிறவன், அவனே வந்து பார்த்துவிட்டு, அண்ணே உன்கிட்ட நான் படிக்கணும் லா என்றான். கூடவே தண்ணீரை ஒரு சாணுக்கு மேல் ஊற்றாதே என்றும் சொன்னான். அது எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் பெரிய மனுசன் சொல்கிறானே என்று தலையாட்டிக்கொண்டேன். இதுங்களுக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது, நம்மை மாதிரி நுரையீரல்தான், தம் பிடித்து மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுத் திரும்ப இறங்க வேண்டும், ஆழம் அதிகமானால் பாவம் மாடிப்படி ஏறி இறங்குகிற மாதிரி ஆகிவிடும். கீழே ஆற்றுக் கூழாங்கல், ஏழு தண்ணீர் விட்டுக் கழுவியது. ஒளிந்துகொள்ள ஒரு கொட்டாங்கச்சி, வாசல் வெட்டி, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்தேன், அதுங்கள் தோல் பட்டு மாதிரி. மேலே கொசுவலையில் மூடி, இல்லாவிட்டால் குதித்துப்போய் அலமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும். பைப் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, வாளியில் பிடித்து இரண்டு நாள் வாய் திறந்து வைத்தால்தான் மருந்து வாடை போகும். இதையெல்லாம் நான் தினம் வீட்டில் சத்தமாக விளக்குவேன், சித்தி அந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்காத மாதிரி இருப்பாள். கெலுகோர் யுனிவர்சிட்டியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு அசந்துபோனார். நம்ம அர்ஜுனன்தான், அங்கே தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறான், ஆனால் புரொபசர்கள் நடுவிலேயே இருக்கிறவன், அவனுக்குத் தெரியாதது இல்லை.

காற்று மோட்டாரும் வாங்கிப் போட்டேன். அது வெளியே உட்கார்ந்து வீட்டுக் காற்றை இழுத்து, ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் முத்து முத்தாக விடும். கூடத்தில் பிளக் இருக்கிற இடம் சாமி மேடைக்குப் பக்கத்தில் மட்டும்தான், அது உனக்கே தெரியும், அதனால் தொட்டி அங்கேதான் வந்தது. சித்திக்குப் பிடிக்கவில்லை. முருகன் படத்துக்குக் கீழே தவளையா, நாளைக்குப் பாம்பையும் கொண்டாந்து வைங்க, மயிலுக்கு இரை ஆகட்டும் என்றாள். முழங்கால் உயரத்துக்கு ஒரு திரை தைத்துத் தொட்டியை மறைத்தாள். நீ போன நாளிலிருந்து அவள் இப்படித்தான். நிபோங் திபால் மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்த பிறகு நீ பிளேன் ஏறிவிட்டாய் என்பது மட்டும் இல்லை வேணி, அவள் கோபம். உன் அம்மா கண்ணை மூடியபோது உனக்கு மூன்று வயசு, அன்றைக்கு உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் கீழே இறக்கியதே இல்லை. அப்படிப்பட்டவள் ஏர்போர்ட்டுக்கு வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள் என்றால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார். என் பேனா அவளுக்கு எழுதாது என்று அன்றைக்குச் சொன்னாள், எட்டு மாசமாக எழுதவில்லை.

நடுவில் ஒரு கூத்து. உன் ஆண் தவளை சாயங்காலமானால் ம்ம்ம் என்று ஒரு ராகம் இழுக்கும், நீ சொல்லியிருக்கிறாய். சித்திக்குத் தெரியாதே. ஐஸ் பெட்டி கெட்டுப்போச்சு என்று ஒரு வாரம் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள், அப்போதும் சத்தம். நான் திரையை விலக்கிக் காட்டி, பாடுறது உன் பொண்ணு வீட்டு ஆளு என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் திரையை மூடவில்லை.

இனிமேல்தான் விசயம். போன வெள்ளிக்கிழமை நான் பெர்ரிக் கப்பலில் டியூட்டி. பாலம் திறந்து ஒரு வருசம் ஆகப்போகிறது, பெர்ரியை மூடிவிடுவார்கள் என்றார்கள், ஆனால் நான் கயிறு கட்டுகிற வரைக்கும் கேப்டன் துணிந்து கரைக்கு வர மாட்டார், அது வேறு கதை. சித்தி வெள்ளிக்கிழமை என்றால் தூபக்காலில் நெருப்பு அள்ளிப் போட்டு, சாம்பிராணியைக் கைநிறையத் தூவி, கூடமே மேகமாகும்படி காட்டுவாள், அது நீ பார்த்ததுதானே. காட்டிவிட்டு அன்றைக்குத் தூபக்காலை மேடைக்குக் கீழே வைத்திருக்கிறாள். வைத்த இடம் காற்று மோட்டாருக்கு நேர் பக்கத்தில். மோட்டாருக்குச் சாமி தெரியுமா, சாம்பிராணி தெரியுமா, புகையை முழுக்க இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் உன் பிள்ளைகள் இரண்டும் மேலே வந்து கைகால் விரித்து மிதக்க ஆரம்பித்துவிட்டன. இதை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு ஹபீபா பீவி. நான் வேலை முடிந்து சந்தில் திரும்பும்போதே அவர் வாசலில் நின்று, அண்ணே சீக்கிரம் போங்க, உங்க வூட்டம்மா அழுவுற அழுகையில நான் யாரோ போயிட்டாங்கன்னு முக்காட்டைப் போட்டுக்கிட்டு ஓடியாந்தேன், பாத்தா தவளை லா என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தால், அதுங்களுக்கு இரை போடுகிற புழுவைத் தொட மாட்டேன், அந்தத் தண்ணீரில் விரல் வைக்க மாட்டேன் என்று சொன்ன உன் சித்தி, சேலையெல்லாம் நனைந்து வாளிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். குமிழி உடைகிற இடத்தில் சாம்பிராணி வாசம் வருவதை அவளே மோந்து கண்டுபிடித்து, மோட்டார் பிளக்கைப் பிடுங்கி, இரண்டையும் அரிசி களைகிற வடிதட்டில் அள்ளி, நான் இரண்டு நாளாக வாய் திறந்து வைத்திருந்த வாளியில் விட்டிருக்கிறாள். பைப் தண்ணீரில் விடவில்லை, பார்த்துக்கொள். எட்டு மாசமாக வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தனையும் கேட்டிருக்கிறாள். ஒன்று தேறி நீந்திக்கொண்டிருந்தது. குண்டுப் பெண் தவளை மட்டும் அடியில் அசையாமல் கிடந்தது. சித்தி என்னை நிமிர்ந்து பார்க்காமல், அவ வந்து எங்க சித்தி என் தவளைன்னு கேட்டா நான் என்னங்க பதில் சொல்லுவேன், என் கையாலயே கொன்னுட்டேனே, ஏற்கெனவே அவகிட்ட நான் பட்டது போதாதா என்றாள். வேணி, எட்டு மாசத்தில் உன்னைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது. நானும் வாளிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம், அன்றைக்குச் சமையல் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குண்டுப் பெண் மேல் வெள்ளையாக ஏதோ உரிய ஆரம்பித்தது, நனைந்த மெல்லிய காகிதம் மாதிரி. ஐயோ தோலே வெந்துபோச்சே என்று சித்தி மறுபடியும் தொடங்கிவிட்டாள். அது மெதுவாகக் காலை ஒரு உதறு உதறி, சட்டை கழற்றுகிற மாதிரி அந்தத் தோலைத் தலை வழியாக இழுத்து, வாயில் போட்டு முழுங்கிவிட்டு, மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துக் கீழே போனது. தவளை தோல் உரிப்பது இயற்கை, நான் அப்போதே சொல்லியிருப்பேன், சித்தி பயப்படட்டும் என்று விட்டேன். என் பார்வை பட்டுத்தான் அது எழுந்தது என்று பெர்ரியில் எல்லாரும் சொல்கிறார்கள். சித்தி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, புதுச் சட்டை போட்டுக்கிட்டு வெளிய கிளம்பிட்டா பாருங்க, அவ வளத்தது அவளை மாதிரியே இருக்கு என்றாள்.

இப்போது நிலைமை என்ன என்றால், தூபக்கால் பின்வாசலுக்குப் போய்விட்டது, முருகனுக்கு ஊதுபத்தி மட்டும், அதுவும் மோட்டாரை நிறுத்திவிட்டு. திரையைக் கழற்றி அடுப்படித் துணி ஆக்கிவிட்டாள். சிவப்புப் புழுவை ஈர்க்குச்சியில் எடுத்து ஒவ்வொன்றின் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள், அதுங்களுக்குக் கண் சரியாகத் தெரியாதாம், எனக்கே சொல்லித் தருகிறாள். ஊட்டும்போது, சாப்பிடுடி, மெலிஞ்சு போயிட்ட, அந்த ஊரு சாப்பாடு உனக்கு ஒத்துக்கலையா என்கிறாள். எந்த ஊர் சாப்பாடு என்று நான் கேட்கவில்லை. நேற்று பசாரில் நிபோங் திபால் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்திருக்கிறாள், வேற பொண்ணு பாத்துக்குங்க, எங்க பொண்ணு படிச்சு முடிக்க நாளாகும் என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள். இது நான் ஜோடித்தது இல்லை, ஹபீபா பீவி சாட்சி.

ஆகையால் அம்மா, தீபாவளிக்கு நீ வர வேண்டும். டிக்கெட்டை எடுத்துவிட்டு எழுது. வந்ததும் முதலில் தொட்டியைப் பார், சித்தி எப்படி வைத்திருக்கிறாள் என்று அவள் காதில் விழச் சொல், மற்றதை அவளே பேசிக்கொள்வாள். காலுக்கு உறை போடாமல் படுக்காதே. மழையில் நனைந்த தலையோடு வார்டுக்குப் போகாதே. இத்துடன் விபூதிப் பொட்டலம் வைத்திருக்கிறேன், தினமும் பூசிக்கொள். நூறு வருசம் நோய் நொடி இல்லாமல், உன் கை பட்டவர்களெல்லாம் தேறி எழுந்து நடக்க, பழனியாண்டவன் துணை இருக்கட்டும்.

கடிதத்தில் கொஞ்சம் இடம் விட்டு, பேனாவைத் திறந்தபடி தொட்டி மேல் வைத்துவிட்டு நான் டியூட்டிக்குப் போகிறேன். திரும்பி வந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒட்டித் தபாலில் போடுவேன். இடம் காலியாக இருந்தாலும் மனசு விட்டுவிடாதே, வந்துவிடு.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் சித்தப்பா,
மு. திருநாவுக்கரசு

வேணிக்கு. தவளை ரெண்டும் சாப்பிட்டுச்சு. நீ சாப்பிட்டியா. முறுக்குக்கு மாவு அரைக்கணும், எந்தத் தேதி வர்றேன்னு எழுது. சித்தி.