கண்ணாத்தாள் தின்றதும் தின்னாததும்

6 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

கண்ணாத்தாளுக்குக் காலை சுகர் 212. இன்சுலின் ஊசி பத்து யூனிட்.

கண்ணாத்தாள் என் வீட்டுக்காரருடைய தங்கை. வயிற்றில் கட்டி, ஈரல் வரைக்கும் போய்விட்டது. இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மகன் தமிழ்செல்வன் ஷார்ஜாவில். பிறந்த வீடு என்று இங்கே வந்து படுத்திருக்கிறாள். அண்ணன்காரர் போய் ஆறு வருஷம் ஆச்சு. பார்க்கிறது நான்.

என் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் பாயசம் ஊற்றாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவள் இவள். 1974, ஆவணி. அவளுக்கு ஞாபகம் இல்லையாம். எனக்கு இருக்கிறது.

8 ஆகஸ்ட், வியாழன்

தமிழ்செல்வன் மூன்று தடவை போன். சுகர் இருநூறைத் தாண்டக் கூடாதாம். அங்கிட்டு உட்கார்ந்துகொண்டு அதிகாரம். அம்மாவுக்கு வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை.

10 ஆகஸ்ட், சனி

பார்க்க வருகிறவர்கள் உபத்திரவம் தாங்கவில்லை. வெறுங்கையோடு வரக் கூடாது, வந்தால் தன் கையால் ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் போக வேண்டும். திருமயத்திலிருந்து இவளுடைய ஓரகத்தி சொர்ணம் அதிரசத்தோடு வந்தாள். இன்னொருத்தி கந்தரப்பம். சுகர்க்காரி என்று வாசலிலேயே சொல்லிப் பார்த்தேன். "இனிமே என்னக்கா, தின்னுட்டுத்தான் போகட்டுமே" என்கிறாள் சொர்ணம், படுத்திருக்கிறவள் காதில் விழும்படி.

இவளும் எல்லார் கைக்கும் வாயைத் திறக்கிறாள். நான் கொடுக்கிற இட்லிக்கு மட்டும் திறக்காது.

ஊட்டிவிட்டுப் போகிற ஆளுக்கு இரண்டு யூனிட் என்று நானே கூட்டிப் போடுகிறேன். வேறே என்ன செய்ய?

12 ஆகஸ்ட், திங்கள்

நேற்று நடந்ததை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

காலையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மத்தியான ஊசி ஆறோடு எட்டைக் கூட்டினேன். விரலில் குத்திச் சுகர் பார்க்காமலே போட்டேன். மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வேர்வை, என்னை அடையாளம் தெரியவில்லை, "ஆத்தா, ஆத்தா" என்று அனத்துகிறாள். குத்திப் பார்த்தால் 46.

வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ரமீஜாவுக்குப் போன் போட்டேன். முழுங்குகிறாளா என்று கேட்டாள். முழுங்குகிறாள் என்றேன். சீனியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னாள். சீனி டப்பாவைப் பூட்டி வைத்தவளே திறந்தேன். அரை டம்ளர் இறங்கியதும் கண் தெளிந்தது.

ரமீஜா வந்து விரிப்பை மாற்றத் தலையணையைத் தூக்கினாள். அடியில் அதிரசம், கந்தரப்பம், எல்லாம் சவைத்தும் சவைக்காமலும். எறும்பு மொய்க்கிறது. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, வந்தவர்கள் எழுந்து போனதும் துப்பியிருக்கிறாள். அவர்கள் மனசு நோகக் கூடாதாம்.

ஏன்டி எங்கிட்டச் சொல்லல என்றேன்.

"நீங்க கேட்டீங்களா மதினி?"

தின்னாததுக்கு ஊசி போட்டிருக்கேன். கொன்னிருப்பேனே. பாவி, நான் கொன்னிருப்பேனே.

ரமீஜா டாக்டரிடம் பேசிவிட்டு ஊசியை நிறுத்தச் சொன்னாள். தினமும் குத்திப் பார்க்கவும் வேண்டாம். தாகம் அடங்கவில்லை, மூத்திரம் அடிக்கடி போகிறது என்றால் கூப்பிட வேண்டுமாம். "இப்ப கொஞ்சம் ஏறுனா பரவால்லம்மா. எறங்குறதுதான் ஆபத்து. கேக்குறதக் குடுங்க."

இதை முதலிலேயே சொன்னால் என்ன? சொன்னாள்தான். ஊசியைக் குறைக்கலாம் என்று போன வாரமே சொன்னாள். நான்தான் ஷார்ஜாக்காரன் பேச்சைக் கேட்டேன்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

தமிழ்செல்வன் கத்தினான். நம்பர் சொல்ல வேண்டுமாம். நம்பர் வேணும்னா லீவு போட்டு வந்து நீயே குத்துடா என்று வைத்துவிட்டேன்.

14 ஆகஸ்ட், புதன்

சொர்ணம் மறுபடி வந்தாள். வாசலோடு அனுப்பினேன்.

16 ஆகஸ்ட், வெள்ளி

விடிந்ததும் விரலை நீட்டிக்கொண்டு கிடக்கிறாள். இனிக் குத்துவது இல்லை என்று நாலு நாளாகச் சொல்கிறேன், இன்றைக்கும் நீட்டுகிறாள். மிஷினைக் கட்டி மேலே வைத்தாச்சுடி என்றேன்.

"அது தெரியும். நீங்க என் கையப் புடிக்கிறது அந்த ஒரு நேரந்தானே."

இதையும் இப்போதுதான் சொல்கிறாள். முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன.

உட்கார்ந்தேன். கஞ்சி அடிப்பிடித்த வாடை வந்த பிறகுதான் கையை விட்டேன்.