சிரம்பானில் உங்கள் சட்டை

கோலா பிலா, 1944

முத்தாயி அப்பாவுக்கு,

மரவள்ளி விற்கச் சிரம்பானுக்குப் போனேன். அப்பப்பா, என்ன கூட்டம்! ஜப்பான்காரன் லாரியும் சைக்கிள் மணியும் பாசார் சந்தை இரைச்சலும் காதை அடைத்தன. அத்தனை பேரில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

தெரிந்தது ஒரு சட்டை மட்டும்தான். சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரன் உங்களை ஏற்றிய அன்று போட்டிருந்தீர்களே, அதே சட்டை. முதுகில் என் சிவப்புச் சேலையைக் கிழித்து நான் போட்ட ஒட்டு. முட்டி மோதிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். திரும்பியவர் வேறு யாரோ.

"இது சயாம்ல எங்கூட வேலை செஞ்சவரோடது, தங்கச்சி. அவரு..." என்று தலை குனிந்தார்.

அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. மீதியைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

இரக்கப்பட்டு நீங்களே கழற்றிக் கொடுத்திருப்பீர்கள். துணி எங்கும் கிடைக்காததால் கோணியில் வேறு சட்டை தைத்துவிட்டேன். தோள் அளவு சரியா என்று வந்து போட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி