உன் வயிற்றில் கேட்ட துடிப்பு

என் அக்காச்சி,

உன் மகள் கிண்டர்கார்டனுக்குப் போகிறாள். உன்னைப் போலவே சோற்றைக் கிளறி வைத்துக்கொண்டு கதை அளக்கிறாள். இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

இந்த நாட்டுக்கு வந்து ஓஸ்டர்முண்டிகனில் நாங்கள் இருந்த வீட்டுப் படியேற உனக்கு மூச்சு வாங்கியதை நாங்கள் பிள்ளைத்தாச்சிக் களைப்பு என்றே நினைத்தோம். முட்டையும் நல்லெண்ணெயும் தந்து படுக்க வைத்தோம். சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் உன் இதய வால்வைக் கெடுத்திருந்தது என்று டொக்டர் சொன்னபோது உனக்கு ஆறாம் மாதம். பிள்ளையை இப்போது எடுத்தால் தப்பாது, நெஞ்சைத் திறக்காவிட்டால் நீ தப்பமாட்டாய் என்றார்.

என் அரைகுறை ஜெர்மனில்தான் எல்லாம் கதைத்தோம். நீ பிழைப்பாயா என்று கேட்க வாய் எடுத்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"என்னை விடு. பிள்ளையின்ர நெஞ்சை ஆரும் கேட்டுக்கொண்டிருப்பினமோ எண்டு கேளடி."

அதற்கென்றே ஒருத்தி இருப்பாள் என்றார் டொக்டர். இருந்தாள். உன் இதயத்தை நிறுத்தி, மெஷின் உன் இரத்தத்தை ஓட்டிய நேரமெல்லாம் அந்த மருத்துவிச்சி உன் வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்டபடியே நின்றாளாம். நடுவில் துடிப்பு இறங்கியதாம். அவள் சொன்னதும் மெஷினில் இரத்த ஓட்டத்தைக் கூட்டினார்களாம். துடிப்பு திரும்ப ஏறியதாம். நீ கண் விழித்ததும் அந்தச் சத்தத்தை உன்னையும் கேட்க வைத்தாள். நீ சிரித்தாய்.

பிள்ளையைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு உன்னை ஏன் முடியவில்லை? சில கிழமைகளில் தலைக்குள் இரத்தம் கட்டி விழுந்தாய். வயிற்றைக் கீறி அவளை எடுத்து, குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நீ அவளைப் பார்க்கவேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, அக்கா.

அவள் என்னைத்தான் அம்மா என்கிறாள். அப்படியே இருக்கட்டும் என்கிறார் அத்தான். அத்தானைக் கட்டிக்கொண்டு பிள்ளைக்குத் தாயாக இரு, அவளுக்கு ஒன்றும் சொல்லாதே என்று ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து சொல்லி அனுப்புகிறார். அவளுக்கு அம்மாவாக இருக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? போன கிழமை அன்னையர் நாளுக்கென்று வகுப்பில் செய்த கடதாசிப் பூவை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு, குளியலறைக் கதவைப் பூட்டி அழுதேன். அது உனக்கு வரவேண்டியது.

வருகிற ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிய அவளை உன் கல்லறைக்குக் கூட்டி வருகிறேன். கல்லில் உன் பெயரைக் காட்டி, "உன்னைப் பெற்ற அம்மா இவதான்" என்று அவளிடம் சொல்வேன். அத்தான் கோபித்தால் கோபிக்கட்டும். அதற்குப் பிறகு அவள் என்னை அம்மா என்று கூப்பிடாமல் போனால், நெஞ்சு வெடிக்கும்தான். ஆனாலும் சொல்வேன். இது சத்தியம்.

உன் தங்கச்சி,
உன் மகளுக்குச் சின்னம்மா