கை வைக்காத பந்தி

இன்று உன் கருமாதி. உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். அந்த ஈர இலை வாசம் வந்ததும் எனக்கு அந்தப் பந்திதான் நினைவுக்கு வந்தது. அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். அன்றைக்கு மண்டபத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்த அதே பயம்.

நான் அதிகம் படிக்காதவள். மனதில் வருகிறபடி எழுதுகிறேன்.

நம்முடையது கடைமடை ஊர். ஆற்றில் தண்ணீர் விட்டாலும் நம் வாய்க்காலுக்கு வந்து சேராது. பயிர் கருகிய வருடம்தான் என் மகள் செல்வி வீட்டு வேலைக்கு அரபு நாட்டுக்குப் போனாள். நீ அங்கே வேலை பார்த்துத் திரும்பியவள். "போனையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் குடுத்துடாதடி" என்று படித்துப் படித்துச் சொன்னாய். போன அன்றே இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்களாம். ஒருநாள் யார் போனிலிருந்தோ பேசினாள். "அம்மா, வெளிய பூட்டு போட்டுருக்காங்க. என்னையக் கூப்பிட்டுக்கம்மா." அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அனுப்பிய ஏஜென்ட், "வேலை அதிகம், பேசுவா" என்றார். ஸ்டேஷனில், "நீங்கதானம்மா அனுப்புனீங்க" என்றார்கள். உன்னிடம்தான் ஓடி வந்தேன்.

ஏஜென்ட் பேரனுக்குக் காதணி விழா. ஊருக்கே பத்திரிகை வைத்திருந்தார். "போவோம்க்கா. பந்தியில உக்காருவோம். எலையில மட்டும் கை வைக்கக் கூடாது" என்றாய். என்னைப் போல மகளை அங்கே வீட்டு வேலைக்கு அனுப்பிய பெண்களை எல்லாம் கூப்பிட்டாய். பக்கத்துத் தெரு மைமூன் அக்காவும் வந்தார்.

முதல் பந்தியில் ஒரு வரிசை முழுக்க நாம்தான். சோறு வந்தது, சாம்பார் வந்தது. யாரும் தொடவில்லை. அப்பளம் நமத்துப்போனது. அடுத்த பந்திக்காரர்கள் நம் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஏஜென்ட் சம்சாரம் ஓடி வந்தது.

"ஏன், உப்பு ஒறைப்பு ஏதும் கம்மியா?"

"அதெல்லாம் நல்லாத்தாங்க இருக்கும்" என்றாய். "செல்வி சாப்ட்டாளான்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. நாங்க சாப்புடுறோம்."

ஏஜென்ட் வந்து குனிந்தார். "நாளைக்கு ஆபீசுக்கு வா. பேசிக்கலாம்."

"ஆபீசுல நீங்க மட்டுந்தாண்ணே இருப்பீங்க. இங்க ஊரே இருக்கு."

"போலீசக் கூப்புடவா?"

"கூப்புடுங்க. அவங்களுக்கும் எல போடச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். "வெளிநாட்டுத் தண்ணி குடிச்ச வாயி, அப்படித்தான் பேசும்" என்றது ஒரு குரல். இதற்காக அங்கே என் பிள்ளையை அடித்துவிட்டால்? என் கை தானாகச் சோற்றுப் பக்கம் போனது. மேசைக்கு அடியில் என் இடது கையைப் பிடித்தாய். "பிச்ச கேக்கலக்கா. புள்ளயக் கேக்குறோம்." உனக்கும் பயம்தான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியில் ஏஜென்டின் சம்பந்தியே எழுந்து வந்தார். "ஒரு போனப் போட்டுத்தான் குடுங்களேன். என்ன கொறைஞ்சிடப் போவுது?" சம்பந்தி முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை; செல்வி வேலை செய்யும் வீட்டுக்குப் போன் போட்டார்.

போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாய். அங்கே சமையற்கட்டில் கற்ற அரபியில் நிதானமாகப் பேசினாய். எதிர்முனையில் அந்த வீட்டுக்காரி கத்தினாள். நீ சொன்னதையே மறுபடி சொன்னாய். கடைசியில், "அம்மா" என்று கேட்டது.

"சாப்ட்டியாடி?" என்றேன்.

நீ அப்போதும் விடவில்லை. "அவ பாஸ்போர்ட்டு அவ கைக்கு வரணும். டிக்கெட்டு நீங்க போடணும். இவங்க எல்லாரும் கேக்கச் சொல்லுங்கண்ணே." செய்வதாகச் சொன்னார். அப்புறம்தான் ஆறிப்போன சோற்றில் கை வைத்தாய்.

செல்வி வந்து சேர்ந்தாள். ஆனால் இன்னமும் கதவைச் சாத்தித் தூங்க மாட்டாள். அந்த நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். உனக்கு மார்பில் கட்டி வந்து படுத்தபோதுகூட, உன் பக்கத்தில் பேசாமலே உட்கார்ந்திருப்பாள்.

நேற்று சீர்காழிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, அரபு நாட்டுக்குப் போய்த் தகவல் இல்லாத மகளின் போட்டோவோடு உன்னைத் தேடி வந்தார். நீ இல்லை என்றதும் அப்படியே கிளம்பினார். "இருங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ! அந்த ஊர் ஏஜென்ட் முரடனாம். அங்கே விசேஷமும் இல்லை, பந்தியும் இல்லை. வாசலில் போய் உட்கார வேண்டியதுதான்.

"போனக் குடுத்தா யாரு பேசுறது? எனக்கு அந்தப் பாஷை தெரியாதே" என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

செல்வி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள். "நான் பேசுறேன்."

மைமூன் அக்காவுக்கும் சொல்லிவிட்டோம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறோம்.