பதினோராவது செடி

நவம்பர் 4

அன்பு மருமகளுக்கு,

நீ மாற்றலாகிப் போய் ஒரு மாதமாகிறது. முட்டை அட்டையில் விதைத்து ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாயே, அந்தக் காலெண்டுலா பூ நாற்று பன்னிரண்டில் பதினொன்று பிழைத்திருக்கிறது. வெயில் காட்டலாமென்று வெளியே வைத்த அன்றே ஒன்றை நத்தை தின்றுவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தையல் மிஷின். தோட்டம் நீயும் என் மகனும் பார்த்துக்கொண்டது. அவன் தவறிப்போன இந்த மூன்று வருஷத்தில் நான் அந்தப் பாத்திப் பக்கமே போனதில்லை. இப்போது என் தலையில் கட்டிவிட்டாய். என்ன செய்வதென்று விவரமாக எழுது. போனில் சொன்னால் மறந்துவிடும்.

உன் அத்தை


நவம்பர் 9

அன்புள்ள அத்தைக்கு,

வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். செடிக்குச் செடி ஒரு சாணுக்கு மேலேயே இடம் விடுங்கள். பாவம், சின்னதுதானே என்று நெருக்கி நட்டால் இலையெல்லாம் சாம்பல் பூத்துவிடும். முக்கியமான விஷயம், முதல் மொட்டு வந்ததும் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் பக்கக் கிளை நன்றாக விடும். உங்களுக்கு மனசு வராதென்று தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கிள்ளுங்கள்.

இங்கே ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூச்சுவிட நேரமில்லை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் மருமகள்


டிசம்பர் 6

அன்பு மருமகளுக்கு,

டேப் வைத்து அளந்துதான் நட்டேன். சந்தேகமிருந்தால் வந்து பார். பத்துச் செடியில் மொட்டைக் கிள்ளியாயிற்று. பதினோராவதில் கை நின்றுவிட்டது. முதலில் வந்ததைக் கிள்ளிவிடு என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். எனக்கு வந்ததே ஒன்றுதான். அந்தச் செடியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஏதோ சொல்ல வேண்டும் என்றாயே, என்ன ஆயிற்று? உன்னோடு இங்கே வேலை பார்த்த நர்ஸ் துணி தைக்கக் கொடுக்க வந்தாள். “உங்க மருமகளுக்கு அங்க நல்ல இடம் அமைஞ்சிருக்காமே, ரொம்ப சந்தோஷம்மா” என்றாள். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிய வேண்டுமா?

அத்தை


டிசம்பர் 11

அன்புள்ள அத்தைக்கு,

தப்பு என்னுடையதுதான். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அவர் இங்கே எக்ஸ்ரே எடுப்பவர். அதிகம் பேசமாட்டார். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். “அத்தைகிட்ட கேக்கணும்” என்றேன். “அவங்க வேணாம்னு சொல்லிட்டா?” என்றார். “அப்போ வேணாம்தான்” என்று சொல்லிவிட்டேன். உங்கள் மகனை நான் மறந்துவிட்டதாக நீங்கள் நினைத்தால் என்னால் தாங்க முடியாது. நீங்கள் சொல்கிறபடி கேட்கிறேன்.

உங்கள் மருமகள்


ஜனவரி 8

அன்பு மருமகளுக்கு,

நாலு வாரமாகப் பதில் போடவில்லை. வேண்டுமென்றேதான். முதல் வாரம் கோபம். அடுத்த வாரம் அழுகை. அப்புறம் பாத்தியில் வேலை சரியாக இருந்தது.

கிள்ளாமல் விட்ட செடி ஒல்லியாக உயர்ந்து பெரிதாக ஒரு பூ பூத்தது. காலையில் எழுந்ததும் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். போன வாரக் காற்றில் தண்டு முறிந்துவிட்டது. பூவை டம்ளரில் போட்டு அவன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மற்ற பத்தும் புதராக மண்டி, பறிக்கப் பறிக்கப் பூக்கின்றன. தைக்க வருகிறவர்கள் யாரும் இப்போது வெறுங்கையோடு போவதில்லை.

நான் சொல்கிறபடி கேட்கிறாயாமே. நல்ல பெண்தான் போ! நான் வேண்டாமென்று சொல்லி நீ தனியாகவே இருந்தால், அப்புறம் உன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? செய்துகொள். மனசாரத்தான் சொல்கிறேன். அழுதுகொண்டும்தான் சொல்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அதற்கப்புறம் நான் உனக்கு யார்?

அத்தை


ஜனவரி 13

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படித்துவிட்டு, பார்க்கிறவர்களிடம் கண்ணில் தூசி என்று சொன்னேன்.

மார்ச் இரண்டாம் தேதி பதிவு அலுவலகத்துக்குப் போகிறோம். இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். சாட்சிக்கு எதிரே உங்கள் பெயரை எழுதிவிட்டேன். பக்கத்தில் ‘உறவுமுறை’ என்று ஒரு கட்டம். அதற்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனசில் இருப்பதை எழுதிவிடுவேன். உங்களுக்கு அது பாரமாகிவிடுமோ என்று பயம். நீங்களே நிரப்பி அனுப்புங்கள். கையெழுத்தை இங்கே வந்து போட்டால் போதும். வெறும் கட்டமாக மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள்
(இன்றைக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அத்தை)


ஜனவரி 19

அன்பு மருமகளுக்கு,

படிவம் இத்துடன் வருகிறது. கட்டத்தில் ‘மாமியார்’ என்று எழுதியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது பேனாவின் கோளாறு.

அந்த அதிகாரி, “அது எப்படிம்மா, மாப்பிள்ளையோட அம்மா அங்க நிக்கிறாங்களே?” என்று கேட்கலாம். “அவங்க இன்னையிலேருந்து மாமியார் சார், நான் முன்னாடியிலேருந்தே” என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நீ குறுக்கே பேசாதே.

தோள் அளவும் இடுப்பு அளவும் உடனே அனுப்பு. கேன்டீனில் சாப்பிட்டு இளைத்திருப்பாய், பழைய அளவை நம்பி நான் துணியில் கத்திரி வைக்க மாட்டேன். கடையில் பூ வாங்கிவிடாதே. நான் கொண்டு வருகிறேன்.

உன் அத்தை