யாருடைய ஆளும் இல்லாதவர்

மல்வேர்ன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சாம்பவிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் தம்பி கஜீவனும் இங்கே ஏதோ சுகமாக இருக்கிறோம், ஏடனில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இந்த விசயத்தைப் போனில் கதைக்கவேண்டாம் என்று நீ கண்டிப்பாகச் சொன்னபடியால் கடிதம். உன்னோடு நிவாரண அலுவலகத்தில் வேலை செய்கிற நிலாணி லீவு முடிந்து இங்கே விட்பியிலிருந்து திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். பிடித்துக்கொண்டுபோன உங்கள் அலுவலகச் சாரதியின் பெயரையோ ஊரையோ இதில் எழுதமாட்டேன், அந்தளவுக்காவது எங்களுக்குப் புத்தி வந்திருக்கிறது. தட்டை வடையும் கொஞ்சம் கட்டியிருக்கிறேன், அங்கிருக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்து முடிக்காமல் நீயும் சாப்பிடு. கஜீவன் இன்னும் இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போகிறான், கலியாணப் பேச்சை எடுத்தால் உடனே இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கத் தொடங்கிவிடுகிறான். என் முழங்கால் நோவு குளிரோடு கூடியிருக்கிறது, அதற்காக நீ கவலைப்படாதே.

அப்பாதான் சரியில்லை. விடிந்தால் ரீவிக்கு முன்னால் இருக்கிறார். சவூதி மந்திரியும் ஈரான் மந்திரியும் பூங்கொத்து வைத்த மேசையில் இருந்து கைகுலுக்குவதைக் காட்டினால், “பார், அவையள் சிரிக்கினம்” என்று என்னைக் கூப்பிடுகிறார். தெற்கே நீ இருக்கிற பக்கத்துக்குப் பின்னால் சவூதி, வடக்கே இருப்பவர்களுக்குப் பின்னால் ஈரான், ஒன்று சுன்னி மற்றது ஷியா என்று இரண்டு நிறம் அடித்த வரைபடத்தையும் காட்டுகிறார்கள். சண்டை பிடிக்கச் சொன்னவர்கள் தங்களுக்குள் சமாதானமாகிவிட்டார்கள், சண்டை பிடித்தவர்கள்தான் இன்னும் சோதனைச் சாவடிகளில் துவக்கோடு நிற்கிறார்கள். அந்தச் சாரதி பிறந்த ஊர் மற்ற நிறத்துக்குள் கிடக்கிறது, அவர் செய்த குற்றம் அவ்வளவுதான் பிள்ளை.

அந்த வீடியோ அழைப்பை நினைக்காத நாளில்லை. வாகனத்துக்குள் இருந்து எடுத்தாய், என்னை ஒவ்வொரு நாளும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போறவர் இவர்தான் அம்மா என்று காட்டினாய், அந்த மனிதரும் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். அப்பா போனைப் பறித்துத் தன் இங்கிலீசில் எந்த ஊர் என்றார். ஏடன் என்று அவர் சொன்னார். எங்கள் ஆட்கள் அதோடு விடுவார்களா? சொந்த ஊர் எது, தகப்பன் எந்த ஊர் என்று துருவினார். கலியாண மண்டபத்தில் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவனிடம் ஊர், குறிச்சி, கோயில் என்று கேட்டுக்கேட்டு ஆள் இன்னார் என்று பிடித்த பிறகுதானே எங்களுக்குச் சோறு இறங்கும். வயதானவர் கேட்கிறார், மறைப்பது மரியாதையில்லை என்று அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும், வடக்கே இருக்கிற தன் மலையூரைச் சொல்லிவிட்டார். வாகனத்தின் பின் சீற்றில் வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உன் முகம் வெளிறியதை நான் கண்டேன், ஏன் என்று அப்போது விளங்கவில்லை. அந்தக் கிழமையே சாவடியில் இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நீ அழுதபோதுதான் விளங்கியது. கொழும்பில் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு அப்பாவை லொறியில் ஏற்றியதும் இதே கேள்வியால்தான், அதற்குப் பயந்துதான் இந்த நாட்டுக்கே வந்தோம். வந்து, சோபாவில் இருந்துகொண்டு இன்னொருவரிடம் அதையே கேட்டோம். அப்பாவை நான் ஏசாத ஏச்சில்லை. ஆனால் மகள், அவர் கேட்டிருக்காவிட்டால் நான் கேட்டிருப்பேன். போன சனிக்கிழமை மோர்னிங்சைட்டில் அருள்மலர் அக்காவின் மகளுக்குக் கலியாணம், பக்கத்தில் இருந்த பெடியன் “அங்கிள் ஊரிலை எவ்விடம்?” என்று கேட்க, அப்பா “மல்வேர்ன்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்க் காருக்குள் இருந்துவிட்டார்.

இனி நிலாணியிடம் நீ கேட்டனுப்பின விசயம். மஸ்கட்டில் கைதிகளை மாற்றிக்கொள்வதற்குப் பேச்சு நடக்கிறது, ஒவ்வொரு பக்கமும் தன் தன் ஆட்களைக் கேட்கிறது, உங்கள் சாரதி யாருடைய ஆளும் இல்லாதபடியால் அவரைக் கேட்க நாதியில்லை என்றாள். இப்போது அவருடைய ஊரவர்கள் கெஞ்சி, வடக்குக்காரர் அவரைத் தங்கள் போராளி என்று சொல்லிக் கேட்க ஒத்துக்கொண்டிருக்கிறார்களாம். நடுவில் நிற்பவர்கள் உன்னிடம் விசாரிக்க வருவார்கள். அவர் வெறும் சாரதி என்று உண்மையைச் சொன்னால் பெயரை வெட்டிவிடுவார்கள், அவர் உள்ளேயே கிடப்பார். போராளி என்பதை நீ மறுக்காமல் விட்டால் வெளியே வருவார், ஆனால் எதிரியின் ஆளாகத்தான் வருவார், ஏடனில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் எதிரியின் குடும்பமாகிவிடுவார்கள். பொய்க்கு எப்படி அம்மா துணை போறது என்று கேட்டிருக்கிறாய்.

உன் மாமா அன்புராசாவைப் போட்டோவில்தான் நீ கண்டிருக்கிறாய். அவனைப் பிடித்தபோது, இவன் ஒரு இயக்கத்திலும் இல்லை, அச்சகத்தில் வேலை செய்கிற பெடியன் என்று நாங்கள் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோரில்லை. சொன்னது அத்தனையும் உண்மை. பிறகு இரண்டு பக்கமும் ஆட்களை மாற்றிக்கொண்டபோது இயக்கம் தன் பெடியளைக் கேட்டு எடுத்தது. அன்புராசாவை யார் கேட்பது? அந்த உண்மையோடு அவன் போனவன்தான். அவன் எங்கள் ஆள்தான் என்று ஒருவராவது பொய் சொல்லியிருக்கக்கூடாதா என்று இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. ஆகவே மறுக்காதே பிள்ளை. ஆனால் முதலில் அந்த மனைவியிடம் போ, வாழப்போவது அவள், முடிவும் அவளுடையதுதான். அவள் ஓம் என்றால், பெயர் வெளியே வருமுன் அவளையும் பிள்ளைகளையும் ஏடனிலிருந்து எடுத்துவிட உன் அலுவலகத்தைப் பிடித்து உலுக்கு. விசாரிக்க வருபவர்களிடம் நிறையக் கதைக்காதே, உனக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும். எங்களிடம் வேலைக்கு வருமுன் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல். அது பொய்யுமில்லை.

வேலையை விட்டுவிட்டு உடனே வா என்று நான் எழுதுவேன் என்று நினைத்திருப்பாய். அந்தப் பெண்ணின் புருசனை அங்கே தொலைத்துவிட்டு என் பிள்ளையை மட்டும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவருடைய அலுவல் ஒரு கரைக்கு வந்த பிறகு வா, அதற்குப் பிறகு ஒரு நாளும் சுணங்காதே. அப்பா அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு தாள் எழுதி இதற்குள் வைக்கச் சொன்னார், நான் வைக்கவில்லை. அதை வாசித்தால் அவள்தான் எங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும். அவள் உன்னை ஏசினால் கேட்டுக்கொண்டிரு, மறுமொழி சொல்லாதே. வாசித்து முடிந்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு, மறந்துபோகாதே. அவர் வெளியே வந்தால் எந்த நேரமென்றாலும் அப்பாவுக்குப் போன் எடுத்துச் சுகம் என்று ஒரு சொல் சொல். வேறு விதமாக நடந்தால் அப்பாவுக்குச் சொல்லாதே, எனக்கு மட்டும் சொல்.

எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உன்னோடு இருக்கும்.

உன் அம்மா,
தவமணி மகேஸ்வரன்