நீர்ப்பூதத்தின் வீடு

அன்புள்ள பிளாங்காவுக்கு,

பிராகிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் முழங்காலைத் தவிர. அதன் நலத்தை இந்த மழை ஓய்ந்த பிறகுதான் சொல்ல முடியும். மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே.

சினிமா வேலை என்னாயிற்று என்று கேட்டிருந்தாய். நீ சின்ன வயதில் பயந்துபோய் விறகுப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தாயே, குளத்துக்கு அடியில் குடியிருந்து பிள்ளைகளைப் பிடித்துப் போகும் நீர்ப்பூதத்தின் கதைப் புத்தகம், அதைத்தான் படமாக்குகிறார்கள். பூதத்தின் வீட்டுக்கு வரைபடம் போடுவது என் பொறுப்பு. "அப்பா, அந்த வீட்டைக் கெடுத்துடாதீங்க" என்று நீ எழுதியதிலிருந்தே எனக்குச் சரியான தூக்கமில்லை. இயக்குநர் ராடிம் கொடுத்த ஓவியத்தில் சுவர் சாய்ந்திருந்தது, கதவு கோணல், ஒவ்வொரு படியும் ஒவ்வோர் உயரம். காலமெல்லாம் பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வரைந்த கை, என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் நேராக்கிவிட்டது. படிக்குக் கைப்பிடியும் போட்டேன், ஈரமான இடமாயிற்றே. தச்சர்கள் அதை அப்படியே கட்டி, தங்கள் பங்குக்கு ஜன்னலில் பூந்தொட்டியும் வைத்துவிட்டார்கள்.

ராடிம் வந்து பார்த்தார். "ஐயா, காலங்காலமா தண்ணிக்குள்ளயே கிடக்கிற பூதம், வழுக்கி விழுந்துடும்னா கைப்பிடி வெச்சீங்க? இது என் மாமியார் வீடு மாதிரியில்ல இருக்கு! அங்கேயாவது எனக்குக் கொஞ்சம் பயம் வரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், மரியாதைக்கு நானும் சிரித்தேன். மறுநாள் ஒத்திகையில் சரிவராவிட்டால் இடித்துவிட்டு வேறு ஆளை வரைய வைக்கப்போவதாகவும் சொன்னார். அம்மாவிடம் முறையிட்டேன். "கல்யாணக் கேக்கையே அளவுகோல் வெச்சு வெட்டின மனுஷன்கிட்ட போய் பூதத்துக்கு வீடு கேட்டது அவங்க தப்பு" என்று என் தட்டில் இன்னொரு கொழுக்கட்டையை வைத்தாள். அது ஆறுதலா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஒத்திகையில், காணாமல்போன தம்பியைத் தேடிப் பூதத்தின் வீட்டுக்குள் கதையில் வரும் சிறுமி ஓடிவர வேண்டும். அவளாக நடிக்கும் குட்டி யுஸ்தினா கதவைத் திறந்தாள், துடைத்து வைத்த தரையைப் பார்த்தாள், நின்றாள், ஷூவைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே போனாள். ராடிம் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஏம்மா, பூதத்து வீட்டுக்குப் போறப்போ யாராவது ஷூ கழட்டுவாங்களா?" என்று கேட்டார். "இவ்ளோ சுத்தமா இருக்கே, திட்டுவாங்கல்ல?" என்றாள் அவள். பிறகு தன் ஷூவைத் திரும்பிப் பார்த்து, "அப்போ எனக்கு முன்னாடி வந்த பிள்ளைங்க ஷூல்லாம் எங்க மாமா?" என்றாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ராடிம் சுவரோரம் போய் அந்த ஷூவைப் பார்த்துவிட்டு, "ஐயா, கைப்பிடி இருக்கட்டும், பூந்தொட்டியும் இருக்கட்டும். சின்னப் பிள்ளைங்க ஷூ எவ்வளவு கிடைக்குமோ கொண்டாங்க" என்றார். இப்போது அந்தச் சுவரோரம் நீள வரிசையாகக் குட்டி ஷூக்கள், பாலிஷ் போட்டு, ஒன்றுகூட வரிசை பிசகாமல். நூல் பிடித்து அடுக்கியது நான்தான். தச்சர்கள் பின்வழியாகத்தான் போய்வருகிறார்கள். எனக்கே அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. இது வெற்றிதான் என்கிறார் ராடிம், அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஷூக்கள் போதவில்லை என்று நிலவறையிலிருந்த உன் சின்ன வயதுச் சிவப்பு ஷூவையும் கொண்டுபோய் வைத்தேன், கதவோரம் முதலாவதாக இருக்கிறது. பார்க்க வந்த அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ இன்றைக்கே அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி என்னோடு பேசாமல் இருக்கிறாள்.

கடவுள் உங்கள் இருவரையும் நன்றாக வைக்கட்டும். முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு வா. அம்மா அந்த ஷூவைத் துடைத்து நம் வீட்டு வாசலில் வைக்கப்போகிறாளாம். பக்கத்தில் உன் பெரிய ஷூவும் இருந்தால் என்னோடு பேசிவிடுவாள்.

உன் அன்பு அப்பா,
போஹுமில்